பாரசீகத்தில் "லைட்" என்பதற்கு எந்தச் சொல்? தேயிலை ரிப்போர்ட்டுக்கு அவசரம்

வெள்ளவத்தைக்காரி:
கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் டொக்யுமென்ட் பகுதியில் இருக்கிறேன். ஈரானுக்கு சாம்பிள் போகும்போது எங்கள் டேஸ்டர் (தேயிலையை ருசித்துத் தரம் பார்ப்பவர்) எழுதும் குறிப்பும் கூடப் போகும். அங்கே வாங்கும் பெரியவருக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. முக்கியமான சொற்களுக்குப் பக்கத்தில் பாரசீகத்திலும் போட்டுத் தரச் சொல்கிறார். இந்தத் தடவை "லிக்கர் லைட்" என்று ஒரு இடம் (லிக்கர் என்றால் ஊறவைத்த தேயிலைச் சாயம்), பெட்டியைப் பற்றி "லைட்" என்று இன்னொரு இடம். போனில் போட்டுப் பார்த்தால் ஒரு நேரம் "ரோஷன்" வருகிறது, ஒரு நேரம் "சபோக்", ஒரு நேரம் "நூர்". எங்கள் வீட்டில் "லைட்டை நூர்" என்றால் அணைக்கச் சொல்வது! எதைப் போட?

மருதானை நானா:
தங்கச்சி, துபாய் தேராவில் ஈரானியர் கடையொன்றில் கணக்கு எழுதினவன் நான். அந்தப் பாசையைக் கல்லாவில் இருந்துதான் பிடித்தேன், அதனால் இலக்கணம் கேட்காதீர்கள்.

ஆங்கிலத்தில் லைட் ஒரே சொல் போலத் தெரியும். உண்மையில் இரண்டு. இருட்டுக்கு எதிரானது ஒன்று, பாரத்துக்கு எதிரானது மற்றது. ஜெர்மன்காரர் இன்றைக்கும் லிஷ்ட், லைஷ்ட் என்று பிரித்துத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே ஓசைக்கு வந்துவிட்டன. பாரசீகத்தில் அந்தச் சிக்கல் கிடையாது, எதற்கு எதிர் என்று பார்த்தால் போதும்.

பாரத்துக்கு எதிர் சபோக். லேசான பெட்டி, லேசான சாப்பாடு, சின்னச் சத்தத்துக்கும் கலைகிற தூக்கம், எல்லாம் சபோக். ஆனால் மனிதர்களுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒருவரை சபோக் என்றால் மரியாதை தெரியாத, கனம் இல்லாத ஆள் என்று அர்த்தம். பாரமான என்ற சங்கீன் ஆளுக்கு வந்தால் அது பாராட்டு. நம்முடைய பழைய நோட்டீஸ்களில் "கனம் பாராளுமன்ற உறுப்பினர்" என்று போடுவார்களே, கிட்டத்தட்ட அந்தக் கனம்தான்.

இருட்டுப் பக்கம் வந்தால் வெளிச்சம் நூர். எங்கள் பிள்ளைகளுக்குப் பெயராக வைக்கிற அதே அரபுச் சொல். உங்கள் வீட்டு நூருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அது தமிழ் வினை. ஒரு மொழியில் வெளிச்சம், மற்றதில் அணைப்பு, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எரிகிற விளக்கு செராக். ரோட்டில் நிற்கிற சிவப்பு லைட்டும் செராக்தான். ரோஷன் என்றால் வெளிச்சமான, அல்லது நிறத்தில் வெளிறிய: ஆபி ரோஷன் என்றால் இளநீலம். லைட் எரிகிறது என்பதற்கும் ரோஷன். அணைப்பதற்கு காமூஷ், அதாவது பேச்சை நிறுத்துவது! சிகரெட் பற்ற வைக்க லைட் இருக்கா என்று கேட்பதற்கு இதில் ஒன்றும் உதவாது, "ஆதீஷ் தாரி?" என்று நெருப்பைத்தான் கேட்பார்கள்.

தேத்தண்ணிக்கு மட்டும் இவை எதுவும் வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு ஜோடி இருக்கிறது. சாயம் குறைவு கம்ரங், சாயம் கூட பொர்ரங். ரங் என்றால் நிறம். விருந்தாளி உட்கார்ந்ததும் கேட்கிற கேள்வியே இதுதான்.

பழைய டேஸ்டர்:
நானா சொன்னது சரி. ஒரு விஷயம் சேர்க்கிறேன். டேஸ்டர் "லைட்" என்று எழுதினால் அது குறை. சாயத்தில் ஆழமும் உரமும் இல்லை என்று பொருள். "பிரைட்" என்று எழுதினால்தான் பாராட்டு. நீங்கள் ரோஷன் என்று போட்டால் அந்தப் பெரியவர் அதை நல்ல சொல்லாகப் படித்துக்கொண்டு விலை பேசுவார், பிறகு பெட்டியைத் திறந்ததும் சண்டை வரும்.

அவர்களுக்கு இது சின்ன விஷயமும் இல்லை. தேயிலையைச் சின்னக் கேத்தலில் கடுமையாக ஊறவைத்து, சமோவார் என்ற சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேலே சூட்டில் வைத்திருப்பார்கள். கண்ணாடிக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, மிச்சத்துக்குச் சுடுதண்ணீர். பாலும் கிடையாது, சீனிக் கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது. தண்ணீர் சேர்த்த பிறகும் நிறம் நிற்க வேண்டும். அதனால்தான் காலி, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையை விரும்புகிறார்கள். நுவரெலியா தேயிலையின் வாசனை எனக்கு உயிர், ஆனால் அந்த கிளாஸில் அது வெளிறித்தான் தெரியும். 2021 டிசம்பரில் இலங்கை ஈரானுக்குக் கொடுக்க வேண்டிய எண்ணெய்க் கடனை மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையால் அடைக்க ஒப்பந்தம் போட்டார்களே, சும்மா இல்லை, அவ்வளவு குடிக்கிற நாடு.

வெள்ளவத்தைக்காரி:
நல்லவேளை கேட்டேன். சாயத்துக்கு கம்ரங், பெட்டிக்கு சபோக். "பிரைட்" வருகிற லொட் இரண்டும் இருக்கிறது, அதற்கு?

மருதானை நானா:
கோஷ்ரங். நல்ல நிறம் என்று பொருள். டைப் பண்ணும்போது போனில் அரபு கீபோர்ட் வேண்டாம், பாரசீகத்தையே சேர்த்துக்கொள்ளுங்கள். கம்ரங், கோஷ்ரங் இரண்டும் முடிகிற அந்த "காஃப்" எழுத்து (گ, ஆங்கில G ஓசை) அரபில் கிடையாது. அதற்குப் பதிலாக அரபில் இருக்கிற K ஓசை எழுத்தைப் போட்டு அனுப்பினால் "கம்ரங்" அல்ல, "கம்ரன்க்" என்று வாசிப்பார்கள். எக்செலில் ஆங்கிலத்தையும் இதையும் ஒரே கட்டத்தில் போட வேண்டாம், வலமிருந்து இடமாக ஓடுகிற எழுத்து, புள்ளியும் அடைப்புக்குறியும் இடம் மாறிவிடும். பக்கத்துக் கட்டத்தில் தனியாகப் போடுங்கள்.