புதுப்பிப்பு: டிஷ் ஆன்டெனா சிக்னல் 62 சதவீதம் என்று காட்டிய கதை

மழை வந்தால் படம் உடைகிறது, ஆனால் லினக்ஸ் கணினியிலுள்ள, டிஷ் சிக்னலை வாங்கும் டிவி கார்டு மட்டும் அசையாமல் 62 சதவீதம் என்கிறது என்று புலம்பியிருந்தேன். கேபிளை மாற்றச் சொன்ன அண்ணாச்சிக்கு நன்றி, மாற்றினேன், பயனில்லை.

குற்றம் டிரைவரில், அதாவது அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளில். கார்டிலுள்ள சிப் தன் பதிவேட்டில் (ரெஜிஸ்டரில்) வைத்திருக்கும் எண்ணை அப்படியே 65535-ஆல் வகுத்துச் சதவீதம் ஆக்கியதால் வந்த மாயம் அது. இப்போது சிக்னல்-இரைச்சல் விகிதத்தை டெசிபெலில், ஆயிரத்தில் ஒரு பங்கு அலகாகத் தருமாறு திருத்தியிருக்கிறேன். சிக்னல் பிடிபடாதபோது பூஜ்யம் அல்ல, 'கிடைக்கவில்லை' என்றே சொல்லும். பூஜ்யமும் ஓர் அளவுதானே!

என்னை அதிகம் படுத்தியது பிழை எண்ணிக்கை, அதாவது தவறாக வந்துசேர்ந்த பிட்களின் கணக்கு. இந்தச் சிப்பில் ஒருமுறை படித்ததும் அது அழிந்துவிடும். இரண்டு நிரல்கள் படித்தால் ஒன்றின் கணக்கை மற்றொன்று தின்றுவிடும். ஆகவே டிரைவரே நொடிக்கொரு முறை படித்து, 64 பிட் எண்ணில் கூட்டிக்கொண்டே போகிறது. முன்பு படித்த எண்ணைக் கழித்துப் பார்ப்பது நிரல்களின் வேலை.

நேற்று பாளையங்கோட்டையில் ஐப்பசி மழை. சிக்னல்-இரைச்சல் விகிதம் 11 டெசிபெலிலிருந்து 7-க்கு இறங்கியது. சிப் தானே சரிசெய்வதற்கு முந்தைய பிட் பிழைகள் ஏறின, ஆனாலும் படம் தாக்குப்பிடித்தது. மொட்டைமாடியில் நனைந்தபடி டிஷ்ஷைத் திருப்பி 1 டெசிபெல் மீட்டேன். வீட்டில் திட்டு தனி.