பால் துளி கிரீடம்: நுனி மட்டும் இழுபடுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அதிவேக ஃபிளாஷ் படங்களுக்குப் பெயர்போன அமெரிக்கர் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் 1957-இல் எடுத்த, பால் துளி விழுந்து கிரீடம் போலத் தெறிக்கும் படத்தைப் பார்த்ததிலிருந்து அதே மாதிரி ஒன்று எடுக்க, ஒரு வாரமாகச் சமையலறையில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மருந்துக்கடையில் வாங்கிய டிரிப்ஸ் குழாயிலிருந்து பால் சொட்டுகிறது, 40 செ.மீ. கீழே கருப்புத் தட்டில் மெல்லிய பால் படலம். ஷட்டர் 1/200 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 11, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400. அறை இருட்டு என்பதால் அசைவை உறைய வைப்பது ஷட்டர் அல்ல, ஃபிளாஷ்தான். இதுவரை சரி. ஆனால் ஃபிளாஷ் 1/4 பவரில் கிரீடத்தின் நுனித் துளிகளுக்கு வால் முளைத்துவிடுகிறது. 1/32-க்கு இறக்கினால் ஒளிரும் நேரம் சுருங்கி, துளி கல்லாக நிற்கிறது, படமோ கும்மிருட்டு. மூன்று ஸ்டாப் நஷ்டம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றினால் ஒரே புள்ளிமயம். எஃப் 4-க்குத் திறந்தால் கிரீடத்தின் பின்பக்கம் ஃபோகஸில் இல்லை.

இன்னொரு ஃபிளாஷ் வாங்கினாலும் ஒரு ஸ்டாப்தானே கிடைக்கும்? இருப்பதையே தட்டுக்கு மிக அருகில், டிரேசிங் பேப்பர் வைத்து நிறுத்தியவர்கள் உண்டா? பளபளப்பு வெறும் வெள்ளையாக எரிந்துபோகாதா?

அப்புறம், கையால் அமுக்கி 200 படத்தில் நாலுதான் தேறியது. துளி விழுவதைக் கண்டு தானாகப் படமெடுக்க, லேசர் சென்சாரை ஆர்டுயினோவில் (சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை) இணைத்தவர்கள் சொல்லுங்கள். பால் கணக்கு கேட்டு அம்மா முறைக்கிறார்.