கோபம் வந்தபோது என்ன செய்தீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்வது நான். அண்ணன் வெளியூர். அம்மா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கோபம் எப்போது வந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, அப்போது எனக்கு என்ன தேவைப்பட்டது. கொஞ்ச நாளில் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. அம்மா கேள்வி கேட்கிற எல்லா நாளும் கோபம் வரவில்லை. அண்ணன் போன் செய்து "மருந்தை நேரத்துக்குக் கொடு, தண்ணி நிறையக் குடிக்க வை" என்று அறிவுரை சொல்லி வைத்த பிறகுதான் தாடை இறுகியது. 'எனக்கு என்ன தேவைப்பட்டது' என்பதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்: தூக்கம்.

அப்புறம் அண்ணனிடம் பேசினேன். 'நீ எப்பவுமே இப்படித்தான்' என்பதை மட்டும் எடுக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். எடுத்தால் பேச்சு பழைய கணக்குக்குப் போய்விடும். "மாசத்துல ரெண்டு சனி ஞாயிறு வந்து அம்மாகூட இருண்ணா. எனக்குத் தூங்கணும்." அவ்வளவுதான் சொன்னேன். வேலை, பயணம் என்று ஏதேதோ சொன்னார். கடைசியில் ஒருமுறை தான் வருவதாகவும், இன்னொன்றுக்கு ஆள் வைக்கப் பணம் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். அறிவுரை மட்டும் இன்னும் நிற்கவில்லை.

* * *

'தலையணையைக் குத்து, கத்தித் தீர்த்துவிடு' என்பார்கள். எனக்கு அது பலித்ததே இல்லை. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட சோதனையில், கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பிரிவினர் தங்களைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கோபம் அதிகமாக இருந்தது குத்தியவர்களுக்குத்தான். இந்த மாதிரி 150-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வும் 2024-இல் வந்தது. மூச்சுப் பயிற்சி, தியானம் என உடம்பின் படபடப்பைக் குறைப்பவை கோபத்தையும் குறைத்தன. ஓட்டம் குறைக்கவில்லை.

நான் தினமும் ஓடுகிறவன், இதை ஒத்துக்கொள்ள மனசே வரவில்லை. ஆனால் உண்மைதான். கோபத்தோடு ஓடும்போது தலைக்குள் வசனம் எழுதிக்கொண்டே ஓடுவேன். வீடு வந்து சேரும்போது வசனம் இன்னும் கூர்மையாகியிருக்கும். இப்போதெல்லாம் முதலில் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குகிறேன். வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். படபடப்பு அடங்கிய பிறகுதான் கோபமூட்டிய மெயிலுக்குப் பதில். ஓட்டம் மறுநாள் காலை.

* * *

நான் வாடிக்கையாளர் சேவையில் போன் எடுக்கிறேன். அடுத்தவர் கோபத்தைக் கேட்பதற்குத்தான் சம்பளம். கத்துகிறவர்களில் பலர் பயந்துபோயிருப்பவர்கள். ஒருவர் எடுத்த எடுப்பிலேயே "உங்களுக்கெல்லாம் மூளை இருக்கா?" என்று ஆரம்பித்தார். அவருக்கு வர வேண்டிய பணம் கணக்கில் ஏறவில்லை. நான் மன்னிப்புக் கேட்கக் கேட்கச் சத்தம் கூடிக்கொண்டே போனது. "சார், இன்னைக்கு இது வரலைன்னா உங்களுக்கு என்ன சிக்கல் ஆகும்?" என்றேன். சத்தமே இல்லை. பிறகு, "பொண்ணுக்கு நாளைக்கு ஆபரேஷன்மா." குரல் அப்படியே இறங்கிவிட்டது. அவசரம் என்று குறித்து மேலே அனுப்பினேன், என்னால் முடிந்தது அதுதான்.

கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்குபவனே அடக்குபவன் என்றுதான் வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தையே ஆரம்பிக்கிறார். என் நாற்காலியில் உட்கார்ந்தால் அது உடனே புரியும். மேலாளருக்கு இணைப்பை மாற்றியதும் சிலர் குழைவதைப் பார்க்க வேண்டுமே! என்னிடம் அடங்காத கோபம் அவரிடம் மட்டும் எப்படி அடங்குகிறது? இதைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் நான் யாரிடம் குரல் உயர்த்துகிறேன், யாரிடம் உயர்த்துவதே இல்லை என்று கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

* * *

எல்லாரும் தணிப்பதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். என் கதை வேறு. கணவர் கை நீட்டுகிற வீட்டில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என் பொறுமையைப் புகழ்ந்தார்கள். மகள் கண்முன்னே அது நடந்த அன்று எனக்கு வந்த கோபம்தான் சான்றிதழ்களையும் துணிகளையும் பையில் எடுத்து வைக்கச் செய்தது. முதலில் எழுதியவர் அண்ணனிடம் கேட்டதுபோல் உட்கார்ந்து கேட்பது அந்த வீட்டில் ஆபத்து. அடிக்கிற ஆளிடம் தனியாக இருக்கும்போது நியாயம் பேசப் போகாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள், போய்த் தங்க ஓர் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். மூச்சுப் பயிற்சி எனக்கும் உதவியது, வெளியே வந்த பிறகு.