'லுக் ஃபார்வர்ட் டு ஹியர்' என்று எழுதினால் தப்பா?

அரசலாற்றங்கரை:
நாச்சியார்கோவிலில் எங்கள் மாமாவுக்குக் குத்துவிளக்குப் பட்டறை. ஐந்தடி அன்ன விளக்கு ஒரு ஜோடி என்ன விலை என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் மெயில் போட்டிருந்தார், இங்கிலீஷில் பதில் எழுதும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். கடைசி வரியில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று முடித்தேன். பிளஸ் டூ படிக்கிற மாமா பெண் எட்டிப் பார்த்துவிட்டு 'ஹியரிங்' என்றுதான் வரணும் என்கிறாள். 'வாண்ட் டு ஹியர்', 'ஹோப் டு ஹியர்' என்றுதானே நாம் படித்தோம்? மெயில் இன்னும் போகவில்லை, சீக்கிரம் சொல்லுங்கள்.

வெண்ணாறு:
பெண் சொல்வதுதான் சரி. இரண்டு 'டு'வும் பார்க்கத்தான் ஒன்று. 'வாண்ட் டு'வில் இருப்பது வினையோடு ஒட்டியது, நம் 'கேட்க', 'போக' மாதிரி. 'லுக் ஃபார்வர்ட் டு'வில் இருப்பது ப்ரிபொசிஷன், கிட்டத்தட்ட நம் 'ஐ' உருபின் வேலை. ஜூன் 12 மேட்டூரில் தண்ணீர் 'திறப்பதை எதிர்பார்க்கிறோம்' என்போமே தவிர 'திறக்க எதிர்பார்க்கிறோம்' என்போமா? வினையைப் பெயராக்கித்தானே 'ஐ' போடுகிறோம், அங்கே பெயராக்குவது 'இங்'. சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு ஒரு பெயரை வைத்துப் பாருங்கள்: 'லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' உட்காருகிறது, 'வாண்ட் டு யுவர் ரிப்ளை' பல்லிளிக்கிறது.

குடமுருட்டி:
'லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார்' என்றும் எழுதிவிடாதீர்கள். 'பதிலுக்காகக் காத்திருக்கிறேன்' என்று மனசில் ஓடுவதால் 'வெயிட் ஃபார்' வந்து இதில் ஒட்டிக்கொள்கிறது என்பது என் யூகம்.

உப்பளத்தான்:
நான் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு மாதிரி. 2018 நவம்பரில் கஜா அடித்து வேதாரண்யம் பக்கம் தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்த நேரம், இன்னொரு புயலும் வரும்போல இருக்கிறது என்று சொல்ல நினைத்து, வெளிநாட்டு நண்பருக்கு 'வீ ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு அனதர் சைக்ளோன்' என்று எழுதிவிட்டேன். இலக்கணம் சுத்தம். ஏன், ஒன்று போதாதா என்று கேட்டார் மனுஷன். தமிழில் 'எதிர்பார்ப்பது' நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொது, இதில் ஆசையோடு காத்திருப்பதுதான் முதலில் தெரியும். புயலுக்கு 'எக்ஸ்பெக்ட்' போதும்.

அரசலாற்றங்கரை:
சரி, 'ஹியரிங்' போட்டு அனுப்பியாச்சு. அவள் முகத்தில்தான் விழிக்க முடியவில்லை. இப்படி வேறு 'டு' இருக்கிறதா?

வெண்ணாறு:
'யூஸ்டு டு'வில் ரெண்டும் உண்டு, அர்த்தம்தான் மாறும். பெரிய விளக்கு செய்து பழக்கம் என்றால் 'வீ ஆர் யூஸ்டு டு மேக்கிங்'. 'ஆர்', 'இங்' இரண்டையும் விட்டு 'வீ யூஸ்டு டு மேக்' என்றால், முன்பு செய்துகொண்டிருந்தோம், இப்போது இல்லை என்றாகிவிடும்.

அரசலாற்றங்கரை:
ஐயையோ. அந்த மெயிலின் இரண்டாவது பத்தியே அதுதான்.