திருவொற்றியூர் வீடு (குடும்பக் குழு)

திங்கள், இரவு

தினேஷ்: நாளைக் காலை 10 மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்டர்வியூ. குவாலிட்டி இன்ஸ்பெக்டர், டிரெய்னி.

செல்வி அத்தை: வடிவுடையம்மன் பார்த்துக்கொள்வாள். சட்டைக்கு இஸ்திரி போட்டாயா?

குமார் சித்தப்பா: சட்டை இருக்கட்டும். வெர்னியர் லீஸ்ட் கவுண்ட், அதாவது அதில் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, என்ன?

தினேஷ்: 0.02 மி.மீ. மைக்ரோமீட்டர் 0.01.

குமார் சித்தப்பா: துளையின் அளவு சரியா என்று பார்க்கும் பிளக் கேஜை உள்ளே விடுகிறாய். கோ பக்கம் நுழைகிறது, நோ கோ பக்கமும் நுழைகிறது. அப்புறம்?

தினேஷ்: நோ கோ பக்கம் நுழையக் கூடாது. நுழைந்தால் துளை பெரிசு. ரிஜெக்ட்.

குமார் சித்தப்பா: அதோடு நிறுத்தினால் பாதி மார்க்தான். பீஸைத் தனியாக வைத்து, அதற்கு முன்னால் ஓடிய பீஸ்களையும் செக் பண்ணி, சூப்பர்வைசரிடம் சொல்வேன் என்று சொல். ஒர்க் ஷாப்பில் இருந்தவன் எதிர்பார்ப்பது அதுதான்.

ரேவதி அக்கா: எச்ஆர் பக்கம் நான் சொல்கிறேன். "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் குடும்பக் கதை வேண்டாம். அப்ரென்டிஸில் எந்த பார்ட் அளந்தாய், என்ன தப்பைப் பிடித்தாய், அதைச் சொல். சம்பளம் 18,000 என்றால் பேசிக் எவ்வளவு என்று கேள். 12,000 என்றால் பிஎஃப் 12 சதவீதம், 1,440 போகும். இஎஸ்ஐ, அதாவது மருத்துவக் காப்பீடு, முழுச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 135.

அம்மா: கையில் 16,425. கேன்டீனுக்கும் பிடிப்பார்களா?

ரேவதி அக்கா: பிடிக்கலாம் சித்தி. தினேஷ், இதை மட்டும் மறக்காதே. எழுந்திருக்கும் முன்னால் "எப்போது தெரியும், யாரிடம் கேட்கலாம்" என்று கேட்டுவிட்டு வா.

செல்வி அத்தை: பறக்கிறான் என்று நினைக்க மாட்டார்களா?

ரேவதி அக்கா: மாட்டார்கள் அத்தை. அவர்கள் சொன்ன தேதி கையில் இருந்தால்தான் அப்புறம் கூச்சமில்லாமல் கேட்கலாம்.

குமார் சித்தப்பா: பேசின் பிரிட்ஜில் மாறி பட்டரவாக்கத்தில் இறங்கு. 9.30க்கு கேட்டில் இரு.

செவ்வாய்

தினேஷ்: முடிந்தது! கேஜ் கேள்வி அப்படியே வந்தது சித்தப்பா. வெள்ளிக்குள் சொல்வதாக எச்ஆர் மேடம் சொன்னார். மெயில் ஐடியும் வாங்கிவிட்டேன்.

ரேவதி அக்கா: இன்றைக்கே நன்றி மெயில் போடு. நாலு வரி போதும்.

மணி மாமா: அதெல்லாம் ஐடி கம்பெனிக்கு. பேக்டரியில் யார் மெயில் படிக்கிறார்கள்?

ரேவதி அக்கா: எங்கள் ஆபீசில் நான் படிக்கிறேனே மாமா.

திங்கள்

தினேஷ்: வெள்ளி போய்விட்டது. ஒரு தகவலும் இல்லை.

மணி மாமா: விடு. தெரிந்த கன்சல்டன்சி இருக்கிறது. 5,000 கட்டினால் போதுமாம்.

குமார் சித்தப்பா: வேலைக்கு ஆள் எடுப்பவன் எதற்கு மச்சான் நம்மிடம் காசு கேட்கிறான்? வேண்டாம்.

அம்மா: திரும்பக் கேட்டால் கெஞ்சுவது போல இருக்காதா?

ரேவதி அக்கா: அவர்கள் சொன்ன தேதியைத்தானே கேட்கிறோம் சித்தி. தினேஷ், பழைய மெயிலுக்கே ரிப்ளையாக, இங்கிலீஷில் இப்படிப் போடு: "வணக்கம் மேடம். சென்ற செவ்வாய் குவாலிட்டி டிரெய்னி இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். வெள்ளிக்குள் தெரியும் என்றீர்கள். இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க முடியுமா? வேறு ஆவணம் தேவையென்றால் அனுப்புகிறேன்." கீழே பெயர், போன் நம்பர். "எனக்கு வேலை ரொம்ப அவசியம்" என்றெல்லாம் எழுதாதே. போன் பண்ணுவதென்றால் வியாழன் வரை பொறு.

தினேஷ்: அனுப்பிவிட்டேன்.

அதே திங்கள், மாலை

தினேஷ்: பதில் வந்துவிட்டது. பிளான்ட் ஹெட் ஊரில் இல்லையாம், அதனால்தான் தாமதம். புதன் இரண்டாவது ரவுண்ட். ஒரிஜினல் சர்டிபிகேட் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

குமார் சித்தப்பா: காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள். ஜெராக்ஸ் மட்டும் கொடு. புதன் காலை டிராயிங் படிக்கச் சொல்வார்கள், இன்று ராத்திரி வீட்டுக்கு வா, டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பதைப் பார்க்கலாம்.

அம்மா: பத்தாவது மார்க் ஷீட் பீரோவில் இருக்கிறது. சாவி எங்கே?

செல்வி அத்தை: என்னிடம்தான் அண்ணி. அனுப்புங்கள் அவனை.