பாப்பா தானே எடுத்துச் சாப்பிடுவது: உங்கள் வீட்டில் எப்படிப் போகிறது?

ஈரோடு, 11 மாத மகளின் அம்மா:

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு மசித்து ஊட்டாமல், வேகவைத்த காயையும் கிழங்கையும் விரல் நீளத்துக்கு நறுக்கி முன்னால் வைத்துவிட்டு, எடுப்பதும் தின்பதும் அதன் பாடு என்று விடுவதைத்தான் பேபி லெட் வீனிங் என்கிறார்கள். பிரிட்டனில் ஜில் ராப்லி என்ற சுகாதாரப் பணியாளர் பரப்பிய முறை. வீடியோக்களில் பார்த்தால் அவகாடோ, பிராக்கோலி, சால்மன் என்றுதான் வரும். எங்கள் தெருவுக்கு வரும் காய் வண்டியில் அதெல்லாம் கிடையாது. நம் அடுப்படியில் இருப்பதில் எது சரிப்பட்டது என்று எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

முதலில் கொடுத்தது அரசாணிக்காய். இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் பதம். ஆறு மாதக் குழந்தைக்கு உள்ளங்கையால் அள்ளிப் பிடிக்கத்தான் தெரியும். கைக்குள் மறைந்துபோனதை எடுக்கத் தெரியாது. அதனால் பிடித்த கைக்கு வெளியே பாதியாவது நீட்டிக்கொண்டிருக்கும்படி நறுக்க வேண்டும். ஒன்பது மாதம் வாக்கில் இரண்டு விரலால் பொறுக்க ஆரம்பித்ததும் அதே காயைச் சின்னச் சின்னதாக நறுக்கிப் போட்டேன்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட், வேகவைத்த நேந்திரம்பழம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. சாதா வாழைப்பழம் வழுக்கிக்கொண்டே போகும். அடியில் கொஞ்சம் தோலை விட்டுவைத்தால் பிடிக்க வசதி. இட்லி நான் நினைத்த அளவுக்குச் சுலபமில்லை. ஆறிப்போன இட்லி அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. நெய் தடவிப் பருப்புத் தண்ணீரில் தோய்த்தால்தான் இறங்குகிறது. அதைவிட மெத்தென்ற ஊத்தப்பம்தான் எங்கள் வீட்டில் ஜெயித்தது. ராகிக் களி பக்கமே போகாதீர்கள், வாயெல்லாம் பசை. ராகித் தோசை அருமை. உப்பு, சர்க்கரை போடுவதில்லை. தேன் ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும்.

அத்தைக்கு இது பிடிக்கவே இல்லை. "ஊட்டாம விட்டா புள்ள எளைச்சுப் போயிரும் கண்ணு" என்று நாளுக்கு நாலு தடவை சொன்னார். கடைசியில் காலையும் சாயங்காலமும் மகள் கையால், மதியம் அத்தை கையால் என்று ஆனது. அத்தை குழைய மசித்த பருப்புச் சாதம் ஊட்டுவார். மகள் வாயை மூடிக்கொண்டால் நிறுத்திவிட வேண்டும், வேடிக்கை காட்டித் திணிக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனை மட்டும்தான் நான் போட்டது. கரண்டியே படக் கூடாது, ஊட்டவே கூடாது என்று சிலர் விரதம் மாதிரி பிடிக்கிறார்கள். சோறும் குழம்பும் சாப்பிடுகிற வீட்டில் அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

நான் கண்டிப்பாகப் பார்த்தது இரும்புச்சத்தைத்தான். தானே தின்னும் பிள்ளைக்குப் பழமும் காயுமாக வைத்துவிடுவது சுலபம், ஆனால் பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்பு ஆறு மாத வாக்கில் தீர ஆரம்பிக்கிறது, தாய்ப்பாலில் அது கொஞ்சம்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 206 குடும்பங்களை வைத்து இந்த முறையை ஆராய்ந்தபோது, வேளைக்கு ஒரு இரும்புச்சத்து உணவாவது இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துத்தான் செய்தார்கள். அப்படி வளர்ந்த குழந்தைகளுக்கும் வழக்கம்போல் ஊட்டி வளர்ந்தவர்களுக்கும் இரும்புச்சத்தில் வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் வீட்டில் முட்டை, மசித்த தட்டைப்பயறில் தட்டிய அடை, வாரம் ஒருநாள் சுவரொட்டியை (ஆட்டு மண்ணீரல்) நன்றாக வேகவைத்து மசித்து ஊத்தப்பத்தில் தடவியது. கூடவே ஒரு துண்டு தக்காளியோ ஆரஞ்சோ இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து சிரப்பையும் விடவில்லை.

திருநெல்வேலி, 8 மாத மகனின் அம்மா:

சத்து, பதம் எல்லாம் அக்கா சொல்லிவிட்டார். நான் தரையைப் பற்றிச் சொல்கிறேன். பழைய நூல் சேலையை இரண்டாக மடித்து விரித்து, அதன் நடுவில் உட்கார வையுங்கள். பிளாஸ்டிக் விரிப்பில் வழுக்கி விழுவான். சாப்பிட்டு முடித்ததும் சேலையைக் கொல்லையில் கொண்டுபோய் உதறினால் மிச்சத்தைக் காக்கா பார்த்துக்கொள்ளும். குளியல் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். முன்னால் குளிப்பாட்டினால் இரண்டு வேலை.

என் மாமாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. சோற்றைத் தரையில் இறைப்பதைப் பார்த்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். அவர் வீட்டில் இல்லாத வேளையில் சோறு, இருக்கும் வேளையில் கிழங்கு என்று ஓட்டுகிறேன்.

திருச்சி, 7 மாத மகனின் அம்மா:

எனக்கு ஒரே பயம்தான். அவன் ஓங்கரித்தாலே என் கணவர் ஓடிவந்து வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுகிறார். முகமெல்லாம் சிவந்து கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்தால் எனக்கும் கை நடுங்குகிறது. எத்தனை பேர் வீட்டில் இப்படி?

மதுரை, குழந்தைகள் வார்டு செவிலியர், 3 வயது மகளின் அம்மா:

எல்லா வீட்டிலும்தான், தங்கச்சி. முதலில் அந்த விரலை நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும்.

ஓங்கரிப்பது வேறு, அடைப்பது வேறு. ஓங்கரிப்பில் சத்தம் இருக்கும். முகம் சிவக்கும், நாக்கை வெளியே தள்ளும், இருமும், துண்டு முன்னால் வந்து விழும். குட்டிக் குழந்தைக்கு அந்த உணர்ச்சி நாக்கின் முன்பக்கமே தூண்டப்படும், வளர வளரப் பின்னால் நகரும். அதனால்தான் தொடக்கத்தில் அடிக்கடி வருகிறது. அப்போது நாம் செய்ய வேண்டியது பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பது. மூச்சுக்குழாய் அடைத்தால் சத்தமே இருக்காது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலமாகும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்துத் தலை கீழே இருக்கும்படி தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். துண்டு வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும். இதைப் படித்து மனப்பாடம் செய்வதைவிட, முதலுதவி வகுப்பில் பொம்மையை வைத்து வீட்டில் எல்லாரும் ஒருமுறை செய்துபார்ப்பது மேல். தாத்தா பாட்டியும்தான். புரையேறினால் உச்சந்தலையில் தட்டுகிற பழக்கத்தால் இந்த இடத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அக்கா சொன்ன அதே நியூசிலாந்து ஆய்வில் அடைப்பையும் கணக்கெடுத்தார்கள். தானே தின்ற பிள்ளைகளுக்கும் ஊட்டப்பட்ட பிள்ளைகளுக்கும் அதில் வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு பக்கத்திலும் ஆபத்தான உணவைக் கொடுத்த வீடுகள் நிறைய இருந்தன. நான் வார்டில் பார்ப்பதும் அதுதான். மூச்சுக்குழாயில் மாட்டி வந்தவை பெரும்பாலும் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, சீத்தாப்பழக் கொட்டை, புளியங்கொட்டை. கொடுத்தது பெரும்பாலும் பாசமான அண்ணனோ அக்காவோ. பிள்ளை ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ சிரித்துக்கொண்டோ இருந்திருக்கும். நேராக உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு சாப்பிட்டால் பாதி ஆபத்து போச்சு.

திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறாமல் தராதீர்கள். பச்சைக் கேரட், பச்சை ஆப்பிள் துண்டு, முறுக்கு, பாப்கார்ன் வேண்டாம். முருங்கைக்காயைச் சப்பக் கொடுக்கிற வீடியோவைப் பார்த்தேன். நார் பிரிந்து வரும். உள்ளே இருக்கும் சதையை வழித்துச் சாதத்தில் பிசைந்துவிடுங்கள், அதே ருசிதான்.

கும்பகோணம், பாட்டி:

மகள் காட்டினாள் என்று படித்தேன். எங்கள் வீட்டில் இதற்குப் பெயரெல்லாம் இல்லை. எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது சின்னது தவழ்ந்து வந்து யார் தட்டிலாவது கையை விடும். தயிர்ச் சாதம் என்றால் முழங்கை வரை பூசிக்கொள்ளும். யாரும் தடுத்ததில்லை. ஆனால் அது மட்டுமே சாப்பாடு என்று விட்டதும் இல்லை, இடுப்பில் தூக்கி வைத்து இரண்டு கவளம் ஊட்டிவிட்டுத்தான் இறக்குவோம். பொரியும் பொட்டுக்கடலையும் தரையில் தூவிவிட்டால் பொறுக்கித் தின்னும். அரைமணி நேரம் நம் வேலை ஓடும்.

மதுரை, செவிலியர்:

தட்டில் கைவிட்டதெல்லாம் சரிதான் அம்மா, ஆனால் பொட்டுக்கடலை மட்டும் வேண்டவே வேண்டாம். எந்த முழுக் கடலையும் ஐந்து வயது வரை கூடாது. பொறுக்கித் தின்ன ஏதாவது வேண்டுமென்றால் குழைய வெந்த பச்சைப் பட்டாணியை நசுக்கிப் போடுங்கள்.

லண்டன், யாழ்ப்பாணத்துப் பெண், 13 மாத மகனின் அம்மா:

இங்கே பிள்ளை பிறந்ததும் ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கு வருவா. ஆறு மாதத்தில் கையில் பிடித்துச் சாப்பிடக்கூடிய உணவையும் தொடங்கலாம் என்று அவதான் சொன்னா. என் அம்மா ஊரிலிருந்து வந்து நின்ற நேரம் அது. அம்மம்மா தீத்திவிடாத சாப்பாடு ஒரு சாப்பாடா என்று அவவுக்குக் கோபம். பிறகு அவவே இடியப்பத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, மிளகாயும் உப்பும் போடாத தேங்காய்ப்பால் சொதியில் ஊறவிட்டு அவனுடைய கதிரைத் தட்டில் வைத்தா. அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். புட்டுத்தான் சரிவரவில்லை. காய்ந்த புட்டு உதிர்ந்து தொண்டையில் பறந்து இருமல் வரும். சொதி விட்டுக் குழைத்தால் பரவாயில்லை.

என் மகனுக்கு ஆறு மாதத்துக்கு முதலே கடுமையான எக்ஸிமா, தோல் அழற்சி. அதனால் கச்சானை, அதுதான் வேர்க்கடலையை, எப்போது தொடங்குவது என்று டாக்டரிடம் கேட்டோம். தள்ளிப்போடாதேங்கோ என்றார், ஆனால் முதலில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 640 குழந்தைகளை வைத்துச் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வுதான் காரணம். இப்படி ஆபத்துக் கூடிய குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே கச்சான் கொடுத்து வந்தபோது, ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை 81 சதவீதம் குறைந்திருந்தது. முழுக் கச்சான் இல்லை. வழுவழுப்பான பீனட் பட்டரைச் சுடுதண்ணீரில் தளர்த்திக் கஞ்சியில் கலந்து, பகல் நேரத்தில் கொடுத்தோம், ஏதும் நடந்தால் ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்று. ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைக்கு எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் நீங்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கோ. அப்படி ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு ஆறு மாதத்திலிருந்து முட்டை, மீன், கச்சான் எல்லாம் ஒவ்வொன்றாகப் பழக்கலாம்.

திருச்சி, 7 மாத மகனின் அம்மா:

செவிலியர் அக்காவின் பதிவைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவன் ஓங்கரித்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நாற்காலியை மட்டும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்கிறார். அரசாணிக்காய் என்று எழுதியது பரங்கிக்காய்தானே?

ஈரோடு:

அதேதான்.

சென்னை, குறைமாதத்தில் பிறந்த மகளின் அப்பா:

இங்கே அப்பா யாரும் எழுதவில்லை என்பதால் நான். எங்கள் மகள் 32 வாரத்தில் பிறந்தவள். குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த தேதியை மட்டும் வைத்து மாதம் எண்ணக் கூடாது. பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்தும் எண்ண வேண்டும். ஆறு மாதம் ஆகிவிட்டதே என்று நாங்கள் கேரட்டை நீட்டியிருந்தால் அவளுக்குக் கழுத்தே சரியாக நின்றிருக்காது. தலை நிற்க வேண்டும், லேசாகப் பிடித்தால் உட்கார வேண்டும், கரண்டியை நாக்கால் வெளியே தள்ளுவது நின்றிருக்க வேண்டும், கண்ணால் பார்த்ததைக் கையால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவும் வந்த பிறகுதான் கையில் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். ஆனால் அதுவரை சாப்பாடு தராமல் காத்திருக்கவும் கூடாது என்றார். ஏனென்றால் கருவில் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தை இரும்பைச் சேர்த்துக்கொள்ளும், இவளுக்கு அதில் பெரும்பகுதி கிடைக்கவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் வரிசையே வேறு. முதலில் கரண்டியில் பருப்பும் முட்டை மஞ்சள் கருவும் மசித்து. உட்கார வந்த பிறகு அதோடு கையில் ஒரு துண்டு கிழங்கு. இப்போது கரண்டியை அவளே பிடுங்கிக்கொள்கிறாள். நான் இன்னொரு கரண்டியில் எடுத்து அவள் கைக்குக் கொடுத்துவிட்டு, காலியானதை வாங்கிக்கொள்கிறேன். வயிற்றுக்குள் எவ்வளவு போகிறது என்று தெரியாததுதான் என் மனைவிக்குக் கவலை. அதற்கு நாங்கள் தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு எடை அட்டையைப் பார்க்கிறோம். கோடு மேலே போகிறது. இரும்புச்சத்துச் சொட்டு மருந்து இன்னும் தொடர்கிறது, ரத்தப் பரிசோதனை அடுத்த மாதம்.