பனி நிலம் ஏன் இப்படி இழுக்குது? நான் செஞ்சா ஏன் சுவர் மாதிரி இருக்கு?

காரைக்குடி பிக்சல்
ஸ்கைரிம் வீடியோ கேம்ல ஹை ஹ்ராத்கர் மலை மடத்துக்கு ஏறும்போதும், பிரெத் ஆஃப் தி வைல்டு கேம்ல ஹெப்ரா பனிமலைப் பக்கம் போகும்போதும் குவெஸ்டை (கேம்ல கொடுத்த வேலையை) மறந்து சும்மா நடக்கத் தோணுது. வெயில் மண்டையைப் பிளக்குற ஊர்ல உட்கார்ந்து ஆடுறதாலயா, இல்லை வடிவமைப்புல சூட்சுமம் இருக்கா? அன்ரியல் எஞ்சின் 5ல (கேம் செய்யுற மென்பொருள்) ஒரு பனிப் பள்ளத்தாக்கு செஞ்சிட்டிருக்கேன், அதான் கேக்குறேன். நம்ம பழைய வீட்டு முட்டைப் பூச்சுச் சுவரைப் படுக்கப் போட்ட மாதிரி வழவழன்னு இருக்கு. கிராஃபிக்ஸ் கார்டு 4 ஜிபிதான்.

பள்ளத்தூர் ஷேடர்
வெயில் ஒரு பக்கம் இருக்கட்டும் தம்பி, முதல்ல பூச்சைப் பார்ப்போம். பேஸ் கலரை (பொருளோட அடிப்படை நிறம், 0 கறுப்பு, 1 முழு வெள்ளை) 1.0ன்னு வச்சிருப்பீங்க. புதுப் பனியே வெளிச்சத்துல 80 முதல் 90 சதவீதம்தான் திருப்பி அனுப்பும். 0.8 போதும், நிறம் தேர்ந்தெடுக்குற sRGB 255 கணக்குல அது 231. அதுக்கு மேல போனா மேடு பள்ளமெல்லாம் வெளுத்து ஒண்ணாயிடும். ரஃப்னெஸை (சொரசொரப்பு அளவை) 0.7க்குக் கீழ இறக்காதீங்க, அந்த வழவழப்பு அங்கேருந்துதான் வருது.

1.0க்குப் போறதுக்கே பெரும்பாலும் ஆட்டோ எக்ஸ்போஷர்தான் (எஞ்சின் தானா வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்குறது) காரணம். திரை முழுக்க வெள்ளையா இருந்தா எஞ்சின் அதை நடுத்தரச் சாம்பலுக்கு இழுக்கும். பனி அழுக்கா தெரியும், உடனே கலரை ஏத்துவாங்க. ஏத்த வேண்டியது அதை இல்லை. போஸ்ட் பிராசஸ் வால்யூம்ல (படத்தைக் கடைசியா மெருகேத்துற அமைப்பு) எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1லிருந்து +1.5 வரை வச்சுப் பாருங்க.

நிழலுக்கு நீலம் டெக்ஸ்ச்சர்ல (மேல ஒட்டுற படத்துல) தீட்டாதீங்க. வெயில் படாத இடத்துக்கு வானத்து வெளிச்சம் மட்டும்தான் கிடைக்கும், அந்த நீலத்தை எஞ்சினோட ஸ்கை லைட்டே (வானத்து விளக்கு) கொடுத்துடும். தீட்டி வச்சா சாயங்கால வெளிச்சத்துல பல்லிளிக்கும்.

சரிவுக்கு: வேர்ல்டு ஸ்பேஸ் வெர்டெக்ஸ் நார்மலோட (பரப்பு எந்தப் பக்கம் பார்க்குதுங்கிற திசை) பி சேனலை, அதாவது மேல்நோக்கிய பங்கை, எடுத்து 0.6, 0.8 ஸ்மூத்ஸ்டெப்ல (ரெண்டு எல்லைக்கு நடுவுல மெதுவா மாத்துற கணக்கு) விடுங்க. கிட்டத்தட்ட 37 டிகிரி வரை முழுப் பனி, 53 தாண்டினா வெறும் பாறை. பாறை மெட்டீரியலுக்கும் இதே கணக்குதான். டெக்ஸ்ச்சர்லயே பனி வரைஞ்சிருந்தா, பாறையைத் திருப்பி வச்சதும் பனி பக்கவாட்டுல ஒட்டிட்டு நிக்கும்.

தேவகோட்டை வடக்கு
ரெண்டு பேரும் பனியையே பார்க்குறீங்க. கண்ணை இழுக்குறது அதுல பனி இல்லாத இடம். காட்டுல பத்து நிறம், தூரத்துப் புகையும் ஒத்தையடிப் பாதையும் அதுல தொலைஞ்சு போகும். வெள்ளையில ஒரு கறுப்புத் தூண், ஒரு மஞ்சள் சன்னல் இருந்தா கால் தானா அங்கே போகும்.

2011ல வந்த மூல ஸ்கைரிம்ல நிலத்துக் குளிரால உயிர் குறையவே குறையாது. ஆனாலும் விண்ட்ஹெல்ம் சத்திரத்துக்குள்ள நுழைஞ்சா அப்பாடான்னு இருக்கும். வெளியே நீலம், உள்ளே நெருப்போட ஆரஞ்சு, காத்துச் சத்தம் சட்டுன்னு நிக்குது. (ஹை ஹ்ராத்கருக்கு ஏறுற அந்த 7000 படி பேருக்குத்தான், எண்ணினா ஆயிரம் தேறாது.) 2017ல வந்த பிரெத் ஆஃப் தி வைல்டு நேர் எதிர்: குளிர் உயிரைத் தின்னும், தீப்பந்தமோ கனத்த சட்டையோ மிளகாய் போட்ட சாப்பாடோ வேணும். செட்டிநாட்டுக் குழம்பு ஒரு கரண்டி இருந்தா ஹெப்ராவையே தாண்டிடலாம்.

எல்டன் ரிங் கேம்ல கான்ஸிக்ரேட்டட் ஸ்னோஃபீல்டுங்கிற பனிவெளியைப் பாருங்க, புயல்ல முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாது. பயமுறுத்த அது சரி, சும்மா நடக்கத் தோணாது. உங்க பள்ளத்தாக்குல எங்கே நின்னாலும் ஒரு கறுப்போ ஒரு விளக்கோ தெரியணும். ஃபாகை (மூடுபனியை) அது மங்கலாத் தெரியுற அளவுக்கு மட்டும் ஏத்துங்க. விளக்கோட நிறம் 2000 கெல்வின் பக்கம், நெருப்பு மாதிரி ஆரஞ்சு.

காரைக்குடி பிக்சல்
0.8 வச்சதும் மேடு பள்ளம் தெரிய ஆரம்பிச்சிடுச்சுண்ணே. கால் தடமும் நடக்குற சத்தமும் எப்படி? 4 ஜிபி தாங்குமா?

பள்ளத்தூர் ஷேடர்
தாராளமா. 1024க்கு 1024 பிக்சல் ரெண்டர் டார்கெட் (ஆட்டம் ஓடும்போதே எழுதுற படம்), 16 பிட், ஒரே சேனல்: 2 எம்பிதான். ஆளைச் சுத்தி 20 மீட்டர் சதுரம் மட்டும் போதும், ஒரு பிக்சலுக்கு சுமார் 2 செ.மீ. கால் பட்ட இடத்துல ஆழத்தை எழுதி, மெட்டீரியல்ல நார்மலையும் கலரையும் மாத்துங்க. நிஜமா மெஷ்ஷை (நிலத்தோட வடிவ வலையை) அமுக்குறது அப்புறம். எல்லாரும் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு: ஆளோட சேர்ந்து அந்தச் சதுரம் நகரும்போது முழுப் பிக்சல் கணக்குலதான் நகரணும். இல்லைன்னா பழைய தடமெல்லாம் மினுங்கிட்டே இருக்கும்.

கானாடுகாத்தான் ஒலி
சத்தத்துக்குக் கார்ன்ஃபிளவர். தோல் பையில கெட்டியா நிரப்பி, வாயை இறுகக் கட்டி, கட்டைவிரலால அழுத்துங்க. சினிமா ஒலிக்காரங்க பனி நடைக்குப் பிடிக்கிற வழியே இதுதான், அந்த நறநறப்பு அப்படியே வரும். பை தளர்வா இருந்தா வெறும் துணிச் சத்தம்தான் கேக்கும். வளவுலயும் முகப்புலயும் பதியாதீங்க, ஆத்தங்குடிக் கல்லும் உசந்த கூரையும் எதிரொலிச்சுக் கெடுத்துடும். மெத்தை, துணிமணி அடுக்கின உள்ளறை நல்லது. ஆறேழு அழுத்தலைத் தனித்தனியா வெட்டி, மாத்தி மாத்தி ஓடவிடுங்க, ஒவ்வொண்ணுக்கும் பிட்ச் கொஞ்சம் ஏறி இறங்கணும். வெளியில நடக்குற காட்சிக்கு ரிவெர்ப் (எதிரொலி) போடாதீங்க, புதுப் பனி சத்தத்தை உறிஞ்சிடும்.